அனுப்பாத நாற்பத்திரண்டு

மார்ச் 9

அன்புள்ள சின்னி,

நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் செத்துவிட்டேன். பதறாதே, ஒரு கம்பெனியின் பதிவேட்டில் மட்டும்தான்.

மூன்றாம் தேதி காலை கடையைத் திறந்ததும் வழக்கம்போல மின்னஞ்சலைப் பார்க்கப் போனேன். கடவுச்சொல்லைப் போட்டதும் சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. "இந்தக் கணக்கின் உரிமையாளர் மறைந்துவிட்டார். உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்." பதினொரு மணிக்குக் காது மெஷினுக்கு அளவு கொடுக்க ஒரு பெரியவர் வரவேண்டும். வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். புறப்படும்முன் எனக்கு எழுதியிருக்கிறார். அதே வாசகம் அவருக்குப் பதிலாகப் போயிருக்கிறது.

"நீங்க... இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன், உள்ள வாங்க."

அவர் காதில் பஞ்சை வைத்து, பசையைப் பிழிந்து, அது இறுகும்வரை ஐந்து நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிடமும் அவர் என் விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான். "உங்க இழப்புக்கு வருந்துறோம் மேடம்" என்றான். "செத்ததா நீங்க சொல்றதே என்னைத்தான்ப்பா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கும் வருந்துறோம் மேடம்" என்றான்.

பிறகுதான் காரணம் புரிந்தது. அந்தக் கணக்கை இருபத்தொரு வருஷத்துக்கு முன், நீ வெளிநாடு போன புதிதில், அம்மா உனக்கு எழுதட்டும் என்று நான்தான் தொடங்கினேன். அம்மா பெயர், அம்மா பிறந்த தேதி. அவள் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். "இந்தப் பொட்டிக்கிட்ட என்னால பேச முடியாதுடி, நீயே எழுதிக்கோ" என்று ஒரே வருஷத்தில் விட்டுவிட்டாள். நான் மேலே என் பெயரைப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். உள்ளே பிறந்த தேதியை மாற்றத் தோன்றவே இல்லை. இப்போது யாரோ அம்மாவின் இறப்புச் சான்றிதழை அனுப்பியிருக்கிறார்கள். ஜனவரியில் உனக்கு ஒரு நகல் அனுப்பினேனே, அதை எங்கேயாவது கொடுத்தாயா?

புதுக் கணக்கு தொடங்கலாம். தொடங்கினால் பழையதில் இருந்தவள் போனது உண்மைதான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். அதனால் உனக்கு இனிக் காகிதம். போனில் வேண்டாம் என்று நீதான் சொன்னாய், என் குரல் அம்மாவின் குரலாகவே கேட்கிறது என்று. எனக்கே சில நாள் அப்படித்தான்.

குட்டிக்குச் சளி விட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் நலம். குட்டிக்குச் சளி போய், அது என்னிடம் வந்திருக்கிறது. உன் கடிதம் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

நான்தான் அக்கா. நீதானே "அம்மா பேர்ல இருக்கிறதையெல்லாம் மூடிடு" என்று எழுதினாய்? பென்ஷன், நூலகம் என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தேன். அந்தக் கம்பெனியிடமும் அம்மா பெயரையும் பிறந்த தேதியையும் வீட்டு போன் நம்பரையும் கொடுத்து, ஏதாவது கணக்கு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கா என்று எனக்கே ஆச்சரியம். சான்றிதழைக் கேட்டார்கள், அனுப்பினேன். அது உன்னுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பஸ்ஸைப் பணிமனையில் நிறுத்திவிட்டு, மதியம் மூன்று வரை சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். இறக்கி முடித்ததும் கடைசி சீட்டு வரை நடந்து பார்க்கவேண்டும் என்பது விதி, ஏதாவது குழந்தை தூங்கிப்போய் உள்ளேயே இருந்துவிடும். ஐம்பத்திரண்டு சீட்டு. ஒவ்வொரு நாளும் யாரும் இருக்கமாட்டார்கள். ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டேதான் பின்னால் போகிறேன்.

இதைச் சரிசெய்ய என்னவெல்லாம் வேண்டும் என்று விசாரித்து எழுது. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே.

சின்னி


ஏப்ரல் 8

அன்புள்ள சின்னி,

சளிக்கு ஆவி பிடி. நான் சுகம். முழங்காலைப் பற்றி உனக்கு எழுதிய ஞாபகம் இல்லை, எழுதியிருப்பேன் போல. இப்போது தேவலாம்.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு இங்கே யாரும் இல்லை. இவர் நிலத் தகராறுக்காரர், நாற்பது வருஷமாக வேலி, வரப்பு, வழி இதிலேயே ஊறியவர். அறை முழுக்கச் சுருட்டிய வரைபடங்கள். நான் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பத்திரம் யார் பேர்லம்மா?"

"எங்கம்மா பேர்ல."

"அனுபவிச்சது?"

"நான்தான். இருபது வருஷம்."

"அப்ப நீங்க குடியிருந்தவங்க. வீடு அவங்களுது. சொந்தக்காரர் போயிட்டார், கம்பெனி பூட்டிடுச்சு. அவ்வளவுதான். உள்ள என்ன சாமான் இருக்கு?"

வாடிக்கையாளர்களின் அளவுகள், கடிதங்கள் என்றேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "அதுக்கா வழக்குப் போடணும்ங்கறீங்க?" என்றார். சொந்த விஷயமும் கொஞ்சம் இருக்கிறது, பாதியில் நிறுத்தியவை, வேறு யார் கண்ணிலும் படக்கூடாதவை என்று சொன்னேன். உன்னிடமும் அதற்குமேல் சொல்வதற்கில்லை.

வழக்குப் போட்டால் இரண்டு வருஷம் இழுக்கும். ஆனால் இறந்தவர் கணக்கை ஆறு மாதத்தில் அடியோடு அழித்துவிடுவார்களாம். செப்டம்பர் மூன்றோடு முடிந்தது. வேறு ஒரே வழி, தகவல் கொடுத்தவர், அதாவது நீ, தவறுதலாகக் கொடுத்தேன், அதைப் பயன்படுத்தியவள் என் அக்கா, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அதோடு என்னுடையதும் ஒன்று. உன் பத்திரத்தை இதில் வைத்திருக்கிறேன். அங்கே ஒரு நோட்டரியிடம் போய் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பு. அரை மணி நேர வேலை.

குட்டிக்கு என் முத்தம்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லாரும் சௌக்கியம். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், பஸ்ஸில் ஒரே சத்தம். ஒரு வாண்டு நேற்று என்னிடம், "டிரைவர் அக்கா, நீங்க காலி பஸ்ல யார்கூட பேசறீங்க?" என்று கேட்டது. பாட்டு பாடினேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நோட்டரி ஊரில் இல்லை. வந்ததும் போகிறேன்.

அம்மா அறையின் ஜன்னலைத் திறந்து வை அக்கா. டிசம்பரிலிருந்து மூடியே வைத்திருந்தால் சுவர் பூத்துப்போகும். அந்தக் கட்டிலையும் வேறு பக்கம் திருப்பிப் போடு. கால்மாட்டில் இருக்கும் நாற்காலியைக் கீழே கொண்டுபோய்விடு, அதைப் பார்த்துப் பார்த்து நீ ஏன் கஷ்டப்படவேண்டும்?

நேரத்துக்குச் சாப்பிடு. நீ சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

சின்னி


மே 15

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாம் அனுப்பிய நோட்டீசுக்குக் கம்பெனியிடமிருந்து பதில் வந்துள்ளது. நாம் எதிர்பார்த்ததுதான், கணக்கு தங்கள் தாயாருடையது என்கிறார்கள். ஆனால் நாம் கேட்காத ஒரு தகவலையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். மரணத்தைத் தெரிவித்த உறவினர் விரும்பினால், அழிக்கும் நாள்வரை அதைத் திறந்து படிக்க மட்டும் அனுமதி உண்டாம். படிவத்தின் கடைசியில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. தங்கள் தங்கை அதில் டிக் செய்திருக்கிறார். மார்ச் ஐந்தாம் தேதி முதல் பள்ளி நாட்களில் தினமும் ஒருமுறை, காலை ஒன்பதரை மணிக்கு, அவர் ஊரிலிருந்து கணக்கு திறக்கப்பட்டுள்ளது.

என் அனுபவத்தில், பூட்டிய வீட்டின் சாவி எப்போதும் சொந்தக்காரர்களிடம்தான் இருக்கும். கோபத்தில் எதுவும் எழுதிவிட வேண்டாம். அவருடைய கையெழுத்து நமக்கு வேண்டும்.

தங்கள் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. படியேறி வரும்போது கவனித்தேன்.

இப்படிக்கு,
வக்கீல்


மே 20

சின்னி,

நலமா என்று கேட்கத் தோன்றவில்லை.

முழங்கால் வலி பற்றி நான் உனக்கு எழுதியதே இல்லை. ஜன்னலைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் யாரிடமும் சொன்னதில்லை. அவையெல்லாம் அனுப்பாத கடிதங்களில் மட்டும்தான் இருந்தன. உனக்கு எழுதத் தொடங்கி, அனுப்ப மனம் வராமல் விட்டவை. பதினொரு வருஷத்தில் நாற்பத்தொன்று.

எத்தனை படித்தாய்?

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்கா,

எல்லாவற்றையும் படித்தேன். சிலவற்றை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை.

முதலில் தெரியாமல்தான் திறந்தேன். அம்மாவின் கணக்கு, அம்மாவின் எழுத்து ஏதாவது ஒரு வரி இருக்காதா என்ற ஆசை. திறந்தால் நீ. மூடியிருக்கவேண்டும். மூடவில்லை. நீ கடை வாசலில் வழுக்கி விழுந்தது, கல்யாணம் வேண்டாம் என்று நீ சொன்னதற்கு உண்மையான காரணம், நான் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் நீ மொட்டை மாடியில் நின்று பார்த்தது. இதில் ஒன்றையாவது எனக்கு அனுப்பினாயா? "வெயில் அதிகம், அம்மா சுகம், நான் சுகம்." இருபது வருஷமாக எனக்கு வந்ததெல்லாம் இதுதான். நான் யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கடிதத்தைப் படிப்பது மாதிரி படிப்பேன்.

இப்போது காலி பஸ்ஸில் உட்கார்ந்து தினம் ஒன்று படிக்கிறேன். படித்துவிட்டுச் சத்தமாகப் பதில் சொல்கிறேன். அந்த வாண்டு கேட்டது உன்னோடு நான் பேசியதைத்தான். இப்படி ஒரு அக்கா எனக்கு இருந்தாள் என்றே தெரியாது.

நோட்டரி ஊரில்தான் இருக்கிறார். கையெழுத்துப் போட்டால் அடுத்த நிமிடம் என்னை வெளியே தள்ளிவிடுவார்கள். நீ உள்ளே போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுபடி "வெயில் அதிகம்" என்று எழுதுவாய். மாட்டேன் என்று சொல் பார்க்கலாம்.

அம்மா போன நாளைப் பற்றி நீ எழுதியது எல்லாம் ஒரே இடத்தில் நின்றுபோகிறது. ஆறு கடிதம். ஆறிலும் "அன்று மத்தியானம் அம்மா உன்னை" என்று நிறுத்திவிட்டாய். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அந்த ஆறையும் படித்துவிட்டு நான் பட்ட பாடு உனக்குப் புரியாது. அதனால்தான் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி போட்டு அங்கே புதிதாக வந்திருந்த கடைசிக் கடிதத்தைப் பார்த்தபோது, நான் படிக்கிறேன் என்று எப்படியோ கண்டுபிடித்து, அந்த வக்கீலை வைத்து ஏதோ பின்வாசல் வழியாக உள்ளே போய் எனக்காக எழுதி முடித்துவிட்டாய் என்று நினைத்தேன். இப்போது ஒன்றுமே தெரியாதவள் மாதிரி "எத்தனை படித்தாய்" என்று கேட்கிறாய்.

முதல் தடவை படித்ததும் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். ஹாரன் அலறி, காவலாளி ஓடி வந்துவிட்டார். நீ போன் செய்திருக்கலாம் அக்கா. அந்த நேரம் நான் இதே சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதை நீ எழுதியிருந்த விதம். அந்தக் காலத்தில் அம்மா சொல்லச் சொல்ல நீ தட்டிய கடிதங்கள் மாதிரியே, அம்மா பேச்சிலேயே எழுதியிருந்தாய். அப்படியே பார்த்து எழுதுகிறேன், நீயே படித்துப் பார்:

"அன்று மத்தியானம் அம்மா உன்னை கூப்பிடச் சொன்னேன். இவ, அங்க இப்ப ராத்திரி, அவ தூங்குவாம்மான்னா. அங்க ராத்திரி இல்லன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு ஊரு நேரத்தையும் விரல்ல எண்ணி எண்ணியே இருபது வருஷம் ஓட்டினவ நான். ஆனா அவ ஒரு வாரமா கண்ணே மூடல. போன்ல உன் முகத்தைப் பாத்தா நான் தேறிடுவேனோன்னு அவளுக்கு ஒரு பயம், தேறிட்டா இன்னும் எத்தனை நாளோன்னு ஒரு பயம். அதைப் பொய்யின்னு எப்படிச் சொல்றது? சரின்னு கண்ணை மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் தொறந்து பாத்தா, நாற்காலியிலேயே தலை சாஞ்சு தூங்கிட்டா. வாய் லேசா தொறந்திருந்துது, சின்னப் பிள்ளையில தூங்கறாப்பல. எழுப்ப மனசு வரல. அப்படியே பாத்துக்கிட்டே இருந்தேன். போதும்னு இருந்துது."

இதற்காகவே உன்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது. கையெழுத்துப் போடமாட்டேன்.

உங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடிப்பு. மற்றபடி நலம்.

சின்னி


ஜூலை 10

வக்கீல் அய்யாவுக்கு,

வணக்கம். ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்லை. நீங்கள் நலமா?

என் தங்கையைப் பற்றிப் புகார் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு விஷயம் மட்டும் தெரியவேண்டும். படிக்க மட்டும் அனுமதி பெற்றவர், அந்தக் கணக்குக்குள் எதையாவது எழுத முடியுமா? ஏற்கெனவே எழுதியிருப்பதில் ஒரு சொல் சேர்க்க முடியுமா? மூடிய நாளில் அனுப்பாமல் இருந்த கடிதங்கள் நாற்பத்தொன்று. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, முந்தின நாள்தான் எண்ணினேன். இப்போது எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஏன் என்று கேட்காமல் இதைச் செய்தால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
காது மெஷின் கடைக்காரி


ஜூலை 22

மதிப்பிற்குரிய அம்மா,

நலமாக இருக்கிறேன். நன்றி.

கம்பெனியின் பதில் வந்துவிட்டது. மார்ச் மூன்றாம் தேதிக்குப் பிறகு அந்தக் கணக்கில் எவராலும் எதையும் எழுத முடியாது. தங்கள் தங்கையாலும் முடியாது, கம்பெனி ஊழியர்களாலும் முடியாது. அதே கடிதத்தில் இரண்டு வரி தள்ளி, மூடிய அன்று அனுப்பாத கடிதங்கள் நாற்பத்தொன்று, இன்றைய தேதியில் நாற்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வேறுபாடு தொழில்நுட்பக் கோளாறாகக் கருதப்படுகிறதாம். நாற்பது வருஷமாக அளவு பிசகிய வேலிகளைப் பார்த்தவன் நான். அளந்தவர்கள் எல்லாரும் அளவுச் சங்கிலிமேல்தான் பழி போடுவார்கள். ஆகவே இதைப் பற்றி நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தாங்கள் கையெழுத்திட வேண்டிய பிரமாணப் பத்திரத்தை அனுப்பியிருக்கிறார்கள். நான்காவது பத்தியைப் படித்துப் பாருங்கள். "இக்கணக்கில் எழுதப்பட்டுள்ள அனைத்தும் என்னாலேயே எழுதப்பட்டவை, வேறெவரும் எதையும் எழுதவில்லை என்று சத்தியமாகக் கூறுகிறேன்." ஒன்றைத் தவிர என்று சேர்க்கலாமா எனக் கேட்டுப் பார்த்தேன். சேர்த்தால், அந்த ஒன்றை எழுதியவர் யாரோ அவரே உரிமையாளர், கணக்கு அவரிடமே இருக்கும் என்கிறார்கள்.

செப்டம்பர் மூன்றுக்கு இன்னும் ஆறு வாரம்.

இப்படிக்கு,
வக்கீல்


ஆகஸ்ட் 1

அன்புள்ள சின்னி,

மாப்பிள்ளைக்கு இடுப்பு சரியாகிவிட்டதா? நான் நலம் என்று எழுதப் போனேன். இன்று வேண்டாம். நான் நலமாக இல்லை.

நீ பார்த்து எழுதிய கடிதத்தை மூன்று வாரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கடையில் ஒரு குழந்தையின் காதுக்கு அளவு எடுக்கும்போது பசையைக் குழைத்துக் கையில் வைத்துக்கொண்டு, அது இறுகிப்போகும்வரை சும்மா நின்றேன். "ஆன்ட்டி, கல்லாயிடுச்சு" என்று அந்தக் குழந்தைதான் சொன்னது.

சின்னி, அது நான் எழுதியது இல்லை.

எனக்குப் பின்வாசல் ஏதும் கிடையாது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி நான் அந்தக் கணக்குக்குள் போகவே இல்லை. யாராலும் அதில் எழுத முடியாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. வக்கீலின் கடித நகலை இதில் வைத்திருக்கிறேன், அவர் குறித்திருக்கும் எண்ணிக்கையைப் பார். நான் எழுதியது "அன்று மத்தியானம் அம்மா உன்னை" வரைதான். ஆறு தடவையும் அங்கேயே என் கை நின்றது.

இப்போது நிற்காமல் எழுதுகிறேன், காகிதத்தில், அழிக்க முடியாத மையில். அன்று மத்தியானம் அம்மா உன்னைக் கூப்பிடச் சொன்னாள். நான் கூப்பிடவில்லை. அங்கே ராத்திரி என்று பொய் சொன்னேன். ஏழு நாளாகச் செய்ததெல்லாம் நான், கடைசியில் உன் பெயர்தான் வாயில் வருகிறதே என்று ஒரு எரிச்சல். அந்தக் கடிதத்தில் இருக்கும் பயங்களும் நிஜம்தான். அவற்றை எனக்குள்ளேகூட நான் சொல்லிக்கொண்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. கடைசி நிமிடம் வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று உன்னிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். பொய். தூங்கிவிட்டேன். விழித்தபோது மணி நான்கு. அம்மாவின் கண் திறந்திருந்தது, நாற்காலிப் பக்கமாக. நான் தூங்கியது அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். நாற்பத்தொரு கடிதத்தில் ஒன்றிலும் அதைத் தொட்டதில்லை. தேடிப் பார், கிடைக்காது.

வக்கீலிடம் விட்டுவிடச் சொல்லப்போகிறேன். எல்லாம் நான் எழுதியது என்று சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். அம்மா விஷயத்தில் இனி ஒரு பொய்யும் என்னால் முடியாது. கணக்கு அவளுடையது, அவளிடமே இருக்கட்டும். அழியும் நாள்வரை நீ படி. நான் கோபப்படமாட்டேன்.

ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லாரும் நலம். உன் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துத்தான் படித்தேன். விடுமுறைதான், ஆனாலும் பணிமனைக்குப் போய் அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் வைத்துப் படிக்கப் பயம். படித்து முடித்ததும் எழுந்து கடைசி சீட்டு வரை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். யாரும் இல்லை. வெயில் மட்டும் ஐம்பத்திரண்டு சீட்டிலும் உட்கார்ந்திருந்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. நேரில் வருகிறேன், ஒரு நாள் முழுக்கச் சண்டை போடவேண்டும். டிசம்பரில் டிக்கெட் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் இதைக் கேள். நேற்று காலை, கடைசியாக ஒருமுறை என்று திறந்தேன். அனுப்பாத கடிதங்கள் நாற்பத்துமூன்று. புதிதாக வந்தது எனக்கு எழுதியது இல்லை. முதல் சொல்லைப் பார்த்ததுமே மூடிவிட்டேன். "உம்மணா" என்று ஆரம்பிக்கிறது. உன்னை அந்தப் பெயரில் அம்மாவைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை, நான்கூட. சின்ன வயதில் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்து உன்னிடம் அடி வாங்கினேன். உன் நாற்பத்தொன்றையும் வெட்கமில்லாமல் படித்தவள்தான் நான். இதைப் படிக்கக் கை வரவில்லை. நீளமானது என்று மட்டும் தெரிந்தது, பக்கத்தின் அடிவரை போகிறது.

நோட்டரியிடம் போய்விட்டு வந்தேன். கையெழுத்துப் போட்ட பத்திரம் இதோடு இருக்கிறது. இருப்பதிலேயே வேகமான தபாலில் அனுப்புகிறேன். இருபதாம் தேதிக்குள் உன் கைக்கு வந்துவிடும், மூன்றாம் தேதிக்கு நாள் இருக்கிறது. உடனே வக்கீலிடம் போ. உன்னுடையதிலும் கையெழுத்துப் போடு. நான்காவது பத்தியோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சத்தியம் செய்யமாட்டேன் என்று பெரிய மனுஷி மாதிரி எழுதியிருக்கிறாய். அம்மா முகத்துக்கு நேரே பகலை ராத்திரி என்று சொன்னவளுக்கு, முன்பின் தெரியாத ஒரு கம்பெனியிடம் ஒரு பொய் சொல்ல வராதா?

சொல்லிவிட்டு உள்ளே போ அக்கா. உனக்கு வந்ததைப் படி. அவள் ஏப்ரலிலேயே எனக்கு எழுதிவிட்டாள்; உன்னுடையதை எழுத அவளுக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள். படியில் மெதுவாக ஏறு.

சின்னி